டெக்சாஸில் மான் வேட்டை லைசென்ஸ்: எதை வாங்குவது, எங்கே மாட்டிக்கொள்வோம்

நவம்பர் முதல் சனிக்கிழமை விடிவதற்கு முன் டெக்சாஸ் நாட்டுப்புறச் சாலைகளில் வண்டி ஓட்டியிருந்தால் பார்த்திருப்பீர்கள். நாலரை மணிக்கே கேஸ் ஸ்டேஷனில் வரிசை நிற்கும். காமோ சட்டை போட்ட தாத்தா, அரைத்தூக்கத்தில் பேரன், கையில் காபி, டிரக்கின் பின்னால் ஐஸ் மூட்டை. வெள்ளைவால் மானுக்கான பொது வேட்டைக் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் ஒட்டாது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைத் தொட்டால் கேஸ்தான். இங்கேயோ மாநில அரசே ஆளுக்கு ஐந்து மான் என்று டேக் (சுட்ட மானில் கட்ட வேண்டிய சீட்டு) அச்சடித்துக் கொடுக்கிறது. காரணம் எளிது. டெக்சாஸில் 50 லட்சத்துக்கும் மேல் வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துத் தின்ற ஓநாய்கள் எப்போதோ ஒழிந்துவிட்டன. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலை வேட்டைக்காரர்கள் தலையில் வந்துவிட்டது. லைசென்ஸ் பணம் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறைக்குப் போகிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா மீதான மத்திய வரியிலிருந்தும் ஒரு பங்கு மாநிலத்துக்கு வருகிறது. லைசென்ஸ் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதும் அந்தப் பங்கைத் தீர்மானிக்கும் கணக்கில் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். லைசென்ஸ் வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை, கடையில் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தாள் சொல்வது ஒன்றே ஒன்று: இவர் வேட்டையாடலாம். எந்த மானை, எந்த நாளில், யார் நிலத்தில் என்பதையெல்லாம் அது சொல்லாது. அதைச் சொல்வது நீங்கள் நிற்கும் கவுண்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பகுதி. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

1. முதலில் நீங்கள் யார் என்று பாருங்கள்

விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால் நீங்கள் ரெசிடென்ட். குடியுரிமை, கிரீன் கார்டு எதுவும் இந்தக் கணக்கில் வராது. எச்-1பி விசாவில் இருப்பவரும் ஆறு மாதம் தாண்டிவிட்டால் ரெசிடென்ட் கட்டணமே கட்டலாம். டிரைவிங் லைசென்ஸ், கரன்ட் பில், சம்பளச் சீட்டு மாதிரி ஆதாரங்களைக் கையில் வைத்திருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். மான் வேட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் குழம்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கட்டாமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடிக்க மத்திய அரசு போட்ட சட்டம் அது.

ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்த அப்பா, நியூ ஜெர்சியிலிருந்து வரும் நண்பர் எல்லோரும் நான்-ரெசிடென்ட். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

2. விசாவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள்

நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், மத்திய சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இது வாஷிங்டன் போட்ட சட்டம்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பயன்படுவது ஒன்று: அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் தடை பொருந்தாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இப்போது இதில் இருக்கும் பொறியைப் பாருங்கள். டெக்சாஸ் லைசென்ஸை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு அது முடிந்துவிடும். விசாவில் இருக்கும் ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வாங்கி வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது லைசென்ஸ் எடுக்க மறந்துவிட்டால், செப்டம்பர் 1 காலையில் அவர் எழுந்திருக்கும்போதே சட்டத்தை மீறியவராக எழுந்திருக்கிறார். அலமாரியைத் திறக்கக்கூட வேண்டாம். இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு அனுப்பவும் அது போதும். புது லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. அன்றே வாங்கிவிடுங்கள். விசாவில் இருந்த வருடங்களில் நான் போனில் ஆகஸ்ட் 15-க்கு ஒரு நினைவூட்டல் போட்டிருந்தேன். கல்யாண நாளுக்குக்கூட அப்படிப் போட்டதில்லை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தனியார் நிலத்தில், நில உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் டெக்சாஸில் லைசென்ஸே தேவையில்லை. அலுவலக நண்பர் 'வா, பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்று கூப்பிடுவார். அவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை சரி. ஆனால் விசாவில் இருக்கும் உங்களுக்கு லைசென்ஸ் தேவைப்படுவது பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைக் கையில் பிடிப்பதற்காக. அவசரப்பட்டு அவர் நீட்டுவதை வாங்கிவிடாதீர்கள். வில், குறுக்குவில் இரண்டும் மத்திய சட்டப்படி துப்பாக்கி அல்ல. அந்த வழியில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. உங்கள் நிலைமையில் ஏதாவது சிக்கல் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

3. ஹன்டர் எஜுகேஷன்

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருந்தால் இந்த வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 17 வயது நிரம்பியவர்கள் முழுக்க இணையத்திலேயே முடிக்கலாம். சான்றிதழ் பெறக் குறைந்தபட்ச வயது 9. அதற்குக் கீழே உள்ள குழந்தைகள் பெரியவர் கூட இருந்தால்தான் வேட்டையாட முடியும். 9 முதல் 16 வரை உள்ளவர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள பெரியவரோடு போக வேண்டும்.

நேரம் இல்லாதவர்களுக்கு டிஃபெரல் என்று ஒன்று இருக்கிறது. 10 டாலர் கட்டினால் அந்த லைசென்ஸ் ஆண்டுக்குப் பயிற்சியைத் தள்ளிப்போடலாம். 17 வயது நிரம்பியவர்களுக்கு, வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். தனியாகவும் போக முடியாது. தகுதி உள்ள ஒருவர், சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். டிஃபெரல் எடுத்துவிட்டு நண்பரை அடுத்த மறைவிடத்தில் உட்காரவைத்தால் கணக்கில் வராது.

என் யோசனை, டிஃபெரல் பக்கமே போகாதீர்கள். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். முடிந்தால் நேரடி வகுப்புக்கே போங்கள். வேலி தாண்டும்போது துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது, அதை எப்படிக் காலி செய்வது என்பதெல்லாம் திரையில் பார்த்து மனசில் நிற்காது. இந்தச் சான்றிதழ் மற்ற மாநிலங்களிலும் செல்லும்.

4. எந்த லைசென்ஸ்?

டெக்சாஸ்காரர்களுக்கு அடிப்படை வேட்டை லைசென்ஸ் 25 டாலர். 65 வயது நிரம்பிய ரெசிடென்டுக்கு 7 டாலர். 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 7 டாலர்தான், அவர்கள் வெளி மாநிலத்திலிருந்து வந்தாலும் சரி. விடுமுறைக்கு வரும் அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுக்க இதைவிட மலிவான பரிசு கிடையாது.

இந்த அடிப்படை லைசென்ஸிலேயே மான் டேக்குகள் சேர்ந்து வரும்: வெள்ளைவால் மானுக்கு ஐந்து, மேற்கு டெக்சாஸில் இருக்கும் மியூல் டீர் இனத்துக்கு இரண்டு. வான்கோழி டேக்கும் கூடவே இருக்கும். மானுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வில் வேட்டைப் பருவத்தில் இறங்குவதானால் மட்டும் 7 டாலருக்கு ஆர்ச்சரி எண்டார்ஸ்மென்ட் என்ற கூடுதல் அனுமதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுக்குவில்லுக்கும் இதேதான். மீனும் பிடிப்பீர்கள், புறாவும் சுடுவீர்கள் என்றால் 68 டாலர் சூப்பர் காம்போவில் மாநில எண்டார்ஸ்மென்டுகள் எல்லாம் அடக்கம். மான் மட்டும் போதும் என்பவருக்கு அது வீண் செலவு.

வெளி மாநிலத்தவர் விஷயம் வேறு. மான் சுட அவர்கள் வாங்க வேண்டிய ஜெனரல் லைசென்ஸ் 315 டாலர். அதே பட்டியலில் 48 டாலருக்கு ஐந்து நாள் லைசென்ஸ் ஒன்றும் இருக்கும். பார்த்தால் வாய் ஊறும். வெள்ளைவால் மானுக்கு அது செல்லாது. டல்லாஸ் வந்து இறங்கிய என் நண்பர் ஒருவர் அதைத்தான் வாங்கி வைத்திருந்தார். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ராத்திரி சாப்பாட்டு மேசையில் பண்ணைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதை வைத்துக்கொண்டு நீங்கள் மானைப் படம்தான் எடுக்க முடியும்' என்றார். அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன், அது நம் ஊர் சம்பந்தப்பட்டது.

கடையிலும் வாங்கலாம், இணையத்திலும் வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் டேக் உள்ள தாள் தபாலில் வந்துசேரும் வரை மானைச் சுட முடியாது. கையில் இருக்கும் ரசீது எண் புறாவுக்குப் போதும், டேக் கட்ட வேண்டிய விலங்குக்குப் போதாது. அதனால் வெள்ளிக்கிழமை இரவு ஞாபகம் வந்தால் நேராகக் கடைக்குப் போய்விடுங்கள். தாளே இல்லாத டிஜிட்டல் வகையும் உண்டு. அதில் மானைச் சுட்ட இடத்திலேயே துறையின் செயலியில் பதிய வேண்டும். முதல் வருடத்துக்குத் தாள்தான் நிம்மதி. போன் சார்ஜ் போய்விட்டால் தாள் கைவிடாது.

5. கவுண்டியைப் படியுங்கள்

டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. துறை ஆண்டுதோறும் வெளியிடும் அவுட்டோர் ஆன்யுவல் என்ற கையேட்டில் கவுண்டி வாரியாக இருக்கும். போகும் கவுண்டியின் பக்கத்தை அச்செடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போன வருடத் தாளை நம்பக் கூடாது. தேதியும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும்.

பொதுக் கணக்கு இது. மாநிலம் முழுக்கச் சேர்த்து ஒருவருக்கு ஐந்து வெள்ளைவால் மான், அதில் ஆண் மூன்றுக்கு மேல் கூடாது. மத்திய டெக்சாஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில், லானோ போன்ற கவுண்டிகளில் ஐந்து எடுக்கலாம், ஆண் இரண்டுதான். வேறு கவுண்டிக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது, மொத்தம் ஐந்துதான். வடக்கு மண்டலத்தில் பொதுப் பருவம் ஜனவரி முதல் ஞாயிறோடு முடியும், தெற்கில் ஜனவரி மூன்றாவது ஞாயிறு வரை போகும். நவம்பருக்கு முன் ஒரு வார இறுதி பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

பழந்தமிழில் ஆண் மானைக் கலை என்றும் பெண் மானைப் பிணை என்றும் சொன்னார்கள். இங்கே பக், டோ. சில கவுண்டிகளில் பிணையைப் பருவம் முழுக்கச் சுடலாம். சிலவற்றில் தேங்க்ஸ்கிவிங் நாளிலிருந்து அந்த ஞாயிறு வரை நான்கே நாள். கலைக்கு இருக்கும் விதி இன்னும் நுணுக்கமானது. 2002-இல் ஃபயேட், லவாகா உட்பட ஆறு கவுண்டிகளில் ஆரம்பித்துப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்குப் பரவிய கொம்புக் கட்டுப்பாடு அது. இரண்டு கொம்பில் ஒன்றாவது கிளை பிரியாமல் ஒற்றைக் குச்சியாக இருந்தால் சுடலாம். அல்லது இரு கொம்புக்கும் இடையே உட்புற அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். இந்தக் கவுண்டிகளில் இரண்டு கலை எடுக்கலாம், 13 அங்குல வகை அதில் ஒன்றுதான். இளம் கலைகளை வளரவிடுவதுதான் நோக்கம்.

எண்பது கஜம் தூரத்தில் நிற்கும் மானிடம் போய் ஸ்கேல் வைத்துப் பார்க்க முடியுமா? காதுதான் ஸ்கேல். மான் எச்சரிக்கையாகி இரண்டு காதையும் பக்கவாட்டில் விறைத்து நிற்கும்போது, ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிக்கு ஏறத்தாழ 13 அங்குலம். நேர் எதிரே பார்க்கும்போது கொம்பின் உள்விளிம்பு காது நுனிகளுக்கு வெளியே தெரிந்தால் சரி. எனக்கு ஒரு நவம்பர் காலையில் நல்ல எட்டு முனைக் கலை ஒன்று பக்கவாட்டாகவே நின்றது. பத்து நிமிடம் புல் மேய்ந்தது, வாலை ஆட்டியது, தலையை மட்டும் என் பக்கம் திருப்பவே இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் எல்லாக் கொம்பும் பெரிதாகத்தான் தெரியும். கடைசியில் எதிர்ப்பக்கம் நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. முகத்தைப் பார்க்காமல் டிரிக்கரைத் தொடாதீர்கள்.

6. யார் நிலம்?

மாநிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு தனியார் நிலம். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக ஒரு அடிகூட உள்ளே வைக்க முடியாது. நில உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மானைக் கொன்றால் அது ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்ற கடுங்குற்றம், 180 நாள் முதல் 2 ஆண்டு வரை உள்ளே. இங்கே மரத்திலோ வேலிக்கம்பத்திலோ ஊதா நிறத்தில் நெட்டுக்குத்தாகப் பட்டை அடித்திருந்தால் 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். 1997 முதல் இருக்கும் விதி. அடிபட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் ஓடி விழுந்தாலும், அந்த உரிமையாளரிடம் கேட்காமல் வேலி ஏறக் கூடாது. பொதுச் சாலையில் நின்று சுடுவதும் குற்றம். வீட்டுக் கொல்லைக்கு வந்து ரோஜாச் செடியை மொட்டையடிக்கும் மானும் கணக்கில் வராது. பெரும்பாலான நகரங்களின் எல்லைக்குள் துப்பாக்கியை வெடிக்கவே முடியாது.

அதனால் மூன்று வழிகள். ஒன்று, பருவம் முழுக்க நாலைந்து பேர் சேர்ந்து நிலத்தை லீஸ் எடுப்பது, அல்லது பண்ணையில் நாள் கணக்கில் பணம் கட்டுவது. காசு வாங்கி வேட்டைக்கு விடும் உரிமையாளரிடம் ஹன்டிங் லீஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். இரண்டு, 48 டாலர் ஆண்டுப் பொது வேட்டை அனுமதி. இதை வாங்கினால் சுமார் 10 லட்சம் ஏக்கர் அளவுக்குப் பொது நிலம் திறக்கும். மூன்று, குலுக்கல் வேட்டை. ஜூலையில் விண்ணப்பம் தொடங்கும், கட்டணம் 3 அல்லது 10 டாலர். விழுந்தால் அதிர்ஷ்டம். ஆனால் விழும் இடங்கள் நிஜமாகவே அருமையானவை, மூன்று டாலர் போனால் போகட்டும் என்று போட்டுவைப்பேன்.

பொது நிலத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயம்: மொத்தம் 400 சதுர அங்குலம், அதில் நெஞ்சில் 144, முதுகில் 144, தலையிலும் ஆரஞ்சு. தனியார் நிலத்தில் சட்டம் கேட்காது, நான் போட்டுக்கொள்வேன். தனியார் நிலத்தில் மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைப்பது சட்டப்படி சரி, எங்கு பார்த்தாலும் தானியங்கித் தீவனப் பீப்பாய்கள் நிற்கும். பொது நிலத்தில் அது கூடாது.

சில பெரிய பண்ணைகள் துறையோடு சேர்ந்த மேலாண்மைத் திட்டத்தில் இருக்கும். அங்கே பருவம் பிப்ரவரி கடைசி வரை நீளும், பண்ணைக்காரரே தனி டேக் தருவார். உங்கள் லைசென்ஸ் டேக் அங்கே செலவாகாது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அங்கேயும் போக முடியாது.

7. அன்றைய காலை

சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்பு வரைதான் நேரம். இரவில் விளக்கடித்து மான் சுடுவது கூடாது. பாயிண்ட் 22 போன்ற ரிம்ஃபயர் தோட்டா (அடிவிளிம்பில் அடிபட்டு வெடிப்பது) மானுக்கு ஆகாது, சென்டர்ஃபயர்தான் (அடியின் நடுவில் அடிபட்டு வெடிப்பது). லைசென்ஸ் உடம்பில் இருக்க வேண்டும், டிரக்கில் அல்ல. கேம் வார்டன் (வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) வந்து கேட்டால் முதலில் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு, கேட்பதைக் காட்டுங்கள். பெரும்பாலும் தன்மையாகவே பேசுவார்கள்.

8. டேக்: இரண்டு நிமிடம், ஒரு பேனா

மான் விழுந்துவிட்டது. உடம்பு நடுங்கும், யாருக்காவது போன் பண்ணத் தோன்றும், படம் எடுக்கத் தோன்றும். எல்லாம் பிறகு. மானை நகர்த்துவதற்கு முன் டேக்.

லைசென்ஸ் தாளின் ஓரத்திலிருந்து சரியான டேக்கைக் கிழித்தெடுங்கள். ஐந்திலும் வித்தியாசம் உண்டு: சில கலைக்கும் பிணைக்கும் பொது, சில கொம்பில்லாத மானுக்கு மட்டும். நிலத்தின் பெயரையும் கவுண்டியையும் பேனாவால் எழுதுங்கள். அப்புறம் டேக்கின் ஓரத்தில் மாதமும் தேதியும் வரிசையாக அச்சிட்டிருக்கும். சுட்ட மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். பேனாவால் வட்டம் போட்டால் செல்லாது. நான் முதல் தடவை செய்தது அதைத்தான். கூட வந்த பெரியவர் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் பேனாக்கத்தியை விரித்து நீட்டினார். குளிரில் விறைத்த விரல்களோடு, ரத்தம் பட்ட கையோடு, கட்டைவிரல் நகம் அகலமுள்ள கட்டத்தை வெட்டுவது லேசான வேலை இல்லை. பந்துமுனைப் பேனா குளிரில் மக்கர் பண்ணும், அதனால் சட்டையின் உள்பையில் வையுங்கள். சின்னக் கத்தி, பேனா, ஜிப் லாக் பை, கொஞ்சம் கயிறு அல்லது டேப். இந்த நான்கையும் ஒரே பையில் போட்டுவைத்தால் தேட வேண்டியதில்லை.

டேக்கை ஜிப் லாக் பையில் போட்டு, கொம்பிலோ பின்னங்கால் தசைநாரிலோ கட்டுங்கள். லைசென்ஸின் பின்பக்கம் இருக்கும் வேட்டைப் பதிவிலும் எழுதிவிடுங்கள், இதை மறப்பவர்கள் நிறைய. சில கவுண்டிகளில் சுட்ட விவரத்தைச் செயலியிலும் தெரிவிக்க வேண்டியிருக்கும். கவுண்டிப் பக்கத்தில் போட்டிருக்கும்.

இறைச்சி கடைசி இடத்துக்குப் போய் வெட்டி முடிக்கும் வரை டேக் கூடவே போக வேண்டும். கலையா பிணையா என்று வார்டன் பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதற்குத் தலையை விட்டுவைப்பதே சுலபம். இப்போது எலும்பு, முதுகுத்தண்டு எங்கே போகிறது என்பதும் முக்கியம். சிடபிள்யூடி என்று சுருக்கிச் சொல்லும் மூளை நோய் மான்களிடையே பரவிவருகிறது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது, 2012-இல் டெக்சாஸின் மேற்கு ஓரத்தில் மியூல் டீரில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. கழிவை, மானைச் சுட்ட இடத்திலேயே விட்டுவாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் குப்பைக்கிடங்குக்குப் போகும் குப்பையில் சேருங்கள், அல்லது மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். ஓடைக்கரையில் வீசிவிட்டு வரக் கூடாது.

9. நண்பருக்கு அந்தப் பண்ணைக்காரர் சொன்ன வழி

ஐந்து நாள் லைசென்ஸில் வெள்ளைவால் மான் கிடையாது. ஆனால் அந்த லைசென்ஸ், வெளிநாட்டு விலங்குகளுக்குச் செல்லும். ஹில் கன்ட்ரியில் அந்த வெளிநாட்டு விலங்கு எது தெரியுமா? நம் புள்ளிமான். இங்கே ஆக்ஸிஸ் என்பார்கள். 1932 வாக்கில் கொண்டுவந்து விட்டது, வேலி தாண்டி இன்று காடெங்கும் திரிகிறது. கோடியக்கரையிலும் கிண்டியிலும் பார்த்த வெளிமான் இங்கே பிளாக்பக் என்ற பெயரில் மேய்கிறது. தெற்கே நீலகாயும் உண்டு. டெக்சாஸ் சட்டம் இவற்றை வேட்டை விலங்காகக் கணக்கில் எடுப்பதில்லை. பருவம் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, டேக் கிடையாது. லைசென்ஸும் நில உரிமையாளர் சம்மதமும் இருந்தால் போதும். சம்மதம் என்றால் பெரும்பாலும் நல்ல விலை, கேட்டுவிட்டுப் போங்கள்.

நண்பர் மறுநாள் சாயங்காலம் புள்ளிமான் ஒன்றை எடுத்தார். சுட்ட பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அப்பாவோடு போய்க் கம்பிவலைக்கு வெளியே நின்று பார்த்த உருவம் அது. ஊரில் இதே காரியத்துக்கு ஜாமீன் கிடைக்குமா என்று கேட்டார்.

10. இறைச்சியைப் பங்கிடுவது

வெள்ளைவால் மான் இறைச்சியை விற்கக் கூடாது, ஒரு டாலருக்குக்கூட. கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது வைல்ட்லைஃப் ரிசோர்ஸ் டாக்குமென்ட் என்ற சீட்டு கூடவே போக வேண்டும். கையால் எழுதினால் போதும்: சுட்டவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், கையெழுத்து, வாங்குபவர் பெயர், என்ன இறைச்சி, எவ்வளவு, சுட்ட தேதி, பண்ணை, கவுண்டி. படிவம் கையேட்டிலேயே இருக்கும்.

போன டிசம்பரில் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டுக்கு ஒரு பின்னங்கால் கொடுத்தனுப்பினேன், சீட்டோடு. மறுநாள் அவர் மனைவி போன் செய்தார்கள். 'அண்ணா, கறியை மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டு முடிச்சாச்சு. இந்தச் சீட்டை இன்னும் ஃப்ரிட்ஜில்தான் வெச்சிருக்கணுமா?' இனி வேண்டாம் என்றேன்.